வாசலோடு நிற்காத உடை

பிரபு,

மூன்று நாளாக உன்னிடம் இதைச் சொல்லத்தான் போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டேன், சென்னையில் மழையா என்று கேட்டேன், வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் என் பக்கத்தில் போடுகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். படித்ததும் உனக்குக் கோபம் வரும். வரட்டும். இன்று ஞாயிற்றுக்கிழமை. தீபாவளி விடுமுறை முடிந்து புதன்கிழமை காலை பூஜை போட்டுக் கம்பெனியைத் திறக்கிறார்கள். நடுவில் இரண்டு நாள் இருக்கிறது. கோபப்பட உனக்கு ஒரு நாள் போதும். இன்னொரு நாள் எனக்கு வேண்டும்.

உன் யோசனை நல்ல யோசனை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என்னைப் பயமுறுத்துவது அதுதான். மட்டமான யோசனை என்றால் தானாகவே செத்துப்போகும், யாருக்கும் கேடு வராது. ஆமத்தூர்ப் பக்கம் இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியின் சின்ன முதலாளி, இணையத்தில் அவர்கள் பக்கத்தை நடத்தும் வேலையை உன்னிடம் கொடுத்தபோது, நீயும் மற்றவர்களைப் போல ராக்கெட்டையும் புஸ்வாணத்தையும் காட்டுவாய் என்று நினைத்தேன். நீ அங்கே வேலை பார்க்கும் பெண்களைக் காட்டினாய். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வதைக் காட்டினாய். எங்கெங்கோ இருப்பவர்கள் பார்த்தார்கள். இப்போது முப்பது ஜெர்சி தைக்கக் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்குப் போல முதுகில் பெயர். பெயருக்குக் கீழே ஒரு எண். எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறார்களோ அந்த எண். பாண்டியம்மாள், 22. பூஜையன்று முப்பது பேரும் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் திரும்பி முதுகைக் காட்டி, கேட்டைத் தாண்டி உள்ளே நடந்து போக வேண்டும். முப்பது விநாடி. நான் இத்தனை காலத்தில் எத்தனையோ லேபிள் செய்திருக்கிறேன். நடிகை முகம், குழந்தை முகம், புலி, கிளி, தாமரை. திரியைச் சொருகிய கை யாருடையது என்று ஒரு லேபிளிலும் போட எனக்குத் தோன்றியதில்லை. உனக்குத் தோன்றியிருக்கிறது.

அந்தப் பண்டல் வியாழக்கிழமை சிவகாசியில் நம் வீட்டுக்கு வந்தது. நான் ஒரு கல்யாணத்துக்கு விருதுநகர் போயிருந்தேன். வீட்டின் முன்னறையில் இருக்கும் என் டிசைன் ஆபீசில் கனியத்தை மட்டும் இருந்தாள். அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

“எக்கா, தம்பி அனுப்புன பண்டல் வந்துச்சு. கம்பெனி வேன்காரரு வந்து தூக்கிட்டுப் போயிட்டாரு. பூஜைக்குப் பேச எல்லாரும் அங்கன வாராகளாம். அப்பவே ஆளுக்கு ஒண்ணு குடுத்துருவாகளாம்.”

“பிரிச்சுப் பாத்தியா?”

“ஒண்ண எடுத்துத் தொட்டுப் பாத்தேன்.”

“எப்படி இருக்கு?”

“வழுவழுன்னு இருக்கு.”

அவ்வளவுதான். உள்ளே போய்க் காபித் தம்ளரைக் கழுவினாள். கழுவிக் கவிழ்த்த தம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள். நான் முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தேன். வழுவழு என்றால் பருத்தி இல்லை. வெடிமருந்து இருக்கும் அறைக்குள் பருத்தி தவிர வேறு துணி போகக்கூடாது என்பது இந்த ஊரில் பிறந்த உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செயற்கை நூல் உடம்போடு உரசினால் மின்சாரம் சேரும். கண்ணுக்குத் தெரியாத பொறி போதும். பற்றிக்கொண்டால் அது எரிந்து உதிராது. உருகும்.

அப்போதே உன்னைக் கூப்பிட்டேன். நினைவிருக்கிறதா, துணி என்னடா என்று கேட்டேன். “பாலியஸ்டர்மா. காட்டன்ல பிரிண்ட் இம்புட்டுப் பளிச்சுன்னு வராது,” என்றாய். பிறகு நீயே சொன்னாய். “அம்மா, நானும் சிவகாசிக்காரன்தான். எனக்குத் தெரியாதா? வாசல்ல மட்டுந்தாம்மா. வேலைக்குப் போகும்போது கழட்டிருவாங்க. சின்ன முதலாளிகிட்ட, ஃபோர்மேன்கிட்ட எல்லார்கிட்டயும் பேசியாச்சு.” சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். வாசல்ல மட்டும். அதே சொல்லை ஒருமுறை நான் சொல்லியிருக்கிறேன். நீ அப்போது என் வயிற்றில் இருந்தாய்.

கனியத்தையின் இடது கையைப் பற்றி உனக்குத் தெரிந்தது பொய். உனக்கு ஐந்து வயது இருக்கும்போது அந்தக் கையால் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டாய். பிறகு அந்தத் தழும்பை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய், மடிப்பு மடிப்பாக இருப்பதை எண்ணுவாய். ஒரு நாள் கேட்டாய். அவள் சொன்னாள்: “ஸ்டவ் வெடிச்சிருச்சுய்யா. நீ அடுப்புகிட்டப் போவக்கூடாது, என்ன?” நான் மேஜையில் குனிந்து ஒரு கம்பி மத்தாப்பு லேபிளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. தலையைத் தூக்கவில்லை. அதன் பிறகு நீ அடுப்பங்கரைக்குள் வர மாட்டாய். கல்லூரி போன பிறகும் தீக்குச்சியைக் கிழித்துக் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைப்பாய் என்று உன் அறை நண்பன் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். உன் பயத்துக்குத் தவறான விலாசத்தைக் கொடுத்தது நாங்கள் இருவரும்.

சரியான விலாசம் இது. இலக்கியம் படித்துவிட்டு, லேபிளுக்கு நாலு வரி எழுதிக் கொடுப்பதில் ஆரம்பித்து, நான் இந்தத் தொழிலுக்குள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதே கம்பெனி. இப்போதைய சின்ன முதலாளியின் அப்பா வடநாட்டு வியாபாரிகளுக்கு அனுப்ப ஒரு கேட்லாக் வேண்டும் என்றார். அட்டையில் வெடியைப் போட வேண்டாம், செய்கிறவர்களைப் போடுவோம் என்று நான்தான் சொன்னேன். ஆம், உன் யோசனையேதான். ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது சட்டம். ஆகவே நான்கு பெண்கள். அவர்கள் கட்டியிருந்த பழைய பருத்திச் சேலைகளில் மருந்துத் தூள் படிந்து எல்லாமே ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. படம் எடுப்பவர் உதட்டைப் பிதுக்கினார். நான் விருதுநகர் போய் நான்கு பூனம் சேலை வாங்கி வந்தேன். ரோஸ் நிறம். மினுங்கும். இஸ்திரிப் பெட்டி தேவைப்படாத செயற்கை நூல் சேலை.

ஃபோர்மேன் வேலுச்சாமி அண்ணாச்சி அறை வாசலில் நின்றார். ஒவ்வொருத்தியும் உள்ளே போகும் முன் உடம்பில் சேர்ந்த மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டாளா, தலையில் ஊசி கிளிப் இருக்கிறதா என்று பார்க்கிறவர்.

“இந்தச் சேலை உள்ள போகாதும்மா.”

“மருந்து இல்லாத ரூம்லதான் எடுக்கிறோம் அண்ணாச்சி. வெடிக் குழாய்ல மருந்துக்குப் பதிலா மணலப் போட்டு வையுங்க. அஞ்சு நிமிஷம்.”

“அஞ்சு நிமிசம்னு அதுக்குத் தெரியுமா?”

“அதான் மருந்தே இல்லங்கிறேன்ல.”

“படிச்ச பிள்ளைகிட்டப் பேசி மாளாது,” என்று சொல்லிவிட்டு அவரே ஒரு காலி அறையைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, மணலைச் சலித்துக் குழாய்களில் நிரப்பிக் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. நான் கவனமாக இருந்தேன். இதை நீ குறித்துக்கொள்ள வேண்டும். உன்னைப் போலவே எல்லாரிடமும் பேசினேன், எல்லா ஏற்பாடும் செய்தேன். படம் எடுத்து முடித்ததும் நால்வரில் சின்னவள், பத்தொன்பது வயது, சேலைத் தலைப்பை முகத்தில் வைத்து முகர்ந்துகொண்டே கேட்டாள்: “இத நாங்களே வச்சுக்கிடலாமாக்கா?” உங்களுக்குத்தான் என்றேன். அவள்தான் சண்முகக்கனி. உன் கனியத்தை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கம்பெனி வாசலில் போர்டாக வைத்தார்கள். நான்கு மாதம் கழித்து வடநாட்டு வியாபாரிகள் நேரில் வந்தார்கள். படத்தில் இருக்கும் நான்கு பேரும் அதே சேலையில் வாசலில் நின்று பூங்கொத்து கொடுத்தால் எப்படி இருக்கும் என்று முதலாளியிடம் சொன்னது நான். கேட்லாக் உயிரோடு எழுந்து நிற்பது போல இருக்கும் என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “வாசல்ல மட்டும் அண்ணாச்சி,” என்றேன். வந்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. போர்டையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்துக் கைதட்டினார்கள். பிறகு நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு விருதுநகருக்குப் பரோட்டா சாப்பிடப் போனேன். எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டாவை அவர்களில் ஒருவர் தட்டிப் பார்த்து இது வெடிக்குமா என்று கேட்டதற்கு எல்லோரும் சிரித்தோம். ஏழு மாத வயிற்றோடு நானும் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது.

சீசன் நேரம். அன்று சாயங்காலம் லோடு போக வேண்டியிருந்தது. நான்கு பேரையும் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று பேர் பழைய சேலையைப் பையில் கொண்டு வந்திருந்தார்கள், மறைவு பார்த்து மாற்றிக்கொண்டார்கள். கனியிடம் மாற்றுச் சேலை இல்லை. அரை நாள்தானே என்று அதே சேலையோடு உள்ளே போயிருக்கிறாள். அண்ணாச்சி லாரிப் பக்கம் நின்றிருக்கிறார். அவர்கள் இருந்த அறை எதனால் பற்றியது என்று இன்றுவரை தெரியாது. விசாரித்தவர்கள் உராய்வு என்று எழுதினார்கள். ஒரு குழாய் கீழே விழுந்தது என்றார்கள். சேலைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் பல வருஷம் தூங்கினேன். நான்கு பக்கமும் கதவு இருந்ததால் நால்வருமே வெளியே ஓடி வந்துவிட்டார்கள். மற்ற மூவருக்கும் காயம் ஆறிவிட்டது. கனி மேல் சேலை ஒட்டிக்கொண்டிருந்தது. மதுரையில் டாக்டர் வராண்டாவில் நின்று என்னிடம் சொன்னார்: “பருத்தியா இருந்தா எரிஞ்சு விழுந்திருக்கும். இது உருகி உள்ள இறங்கிருச்சு.” நீங்க யாரு என்று கேட்டார். தெரிஞ்சவங்க என்றேன்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. அந்த போர்டை நான் இறக்கச் சொல்லவில்லை. அந்த அட்டை நன்றாக ஓடியது. அடுத்து காலண்டரிலும் அதையே போட்டார்கள். கனி ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாழை இலை மேல் படுத்திருந்த மாதங்களில், அவள் ரோஸ் சேலையில் சிரிக்கும் படம் எங்கெங்கோ கடைச் சுவர்களில் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு அச்சங்குளத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் என்னைத் தேடி வந்தார். அப்படித்தான் நான் வளர்ந்தேன். நீயும். கனி எழுந்து நடமாட ஆரம்பித்ததும் என் ஆபீசில் வந்து இருக்கச் சொன்னேன். வந்தாள். இந்த இருபத்தாறு வருஷத்தில் அந்தச் சேலையைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தழும்புக்கு ஸ்டவ் கதையைக் கண்டுபிடித்தது அவள். எனக்காக.

விளம்பரம் யாரை நம்ப வைக்கிறது என்று இப்போதெல்லாம் யோசிக்கிறேன். வாங்குகிறவனை என்றுதான் எல்லோரையும் போல நானும் நினைத்திருந்தேன். அதில் நிற்கிறவர்களைத்தான் அது முதலில் நம்ப வைக்கிறது. இந்தச் சேலை கட்டினால் நீ படத்தில் இருப்பவள், கட்டாவிட்டால் நீ சாம்பல் நிறத்தில் ஒருத்தி. அதை நான் சொல்லவில்லை. படம் சொன்னது. அது படமாக எடுக்கப்பட்ட ஐந்து நிமிஷத்தோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். துணி வீட்டுக்குப் போகும், துவைத்துக் காயும், திரும்பி வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

என் காலத்தில் அந்தப் பெண்கள் தங்களை அந்த ஒரு போர்டில்தான் பார்த்தார்கள். இப்போது மதியம் கேட்டுக்கு வெளியே வந்ததும் முதல் வேலையாக, உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் மரத் தட்டில் வைத்துவிட்டுப் போன போனை எடுத்து உன் வீடியோவில் தங்களைப் பார்க்கிறார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், யார் என்ன எழுதினார்கள் என்று சாப்பாடு ஆறும்வரை பார்க்கிறார்கள். நானும் பார்த்தேன். கீழே எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: உள்ளே எப்படி இருக்கும், உள்ளே காட்டுங்கள். வெளியே நின்று எடுப்பது ஒரு கட்டத்துக்கு மேல் அவர்களுக்குச் சலித்துவிடும். ஒருவருக்கு நீ ‘விரைவில்’ என்று பதில் போட்டிருந்தாய். ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாய். என் போர்டு ஓரிடத்தில் நின்றது. உன்னுடையது நிற்காது. நீயே நினைத்தாலும் நிற்காது.

நேற்றும் இன்றும் நானும் கனியத்தையும் ஆட்டோ பிடித்து அந்த முப்பது வீடுகளுக்கும் போனோம். உன்னிடம் சொல்லாமல் போனேன். ஆமத்தூரில் முதல் வீடு பாண்டியம்மாளுடையது. சேலைக்கு மேல் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு, பீரோக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் எங்களைப் பார்த்ததும் முறையிட்டார்.

“ரெண்டு நாளா இவ என் மூஞ்சியப் பாக்கலம்மா. முதுகத்தான் காட்டுறா.”

“இருபத்தஞ்சு வருசமா உங்க மூஞ்சியப் பாத்தாச்சு. வாங்கக்கா, உக்காருங்க. தம்பி வரலியா?”

விஷயத்தைச் சொன்னேன். துணியைப் பற்றிச் சொன்னேன். திருப்பிக் கொடுத்துவிடு, வேறு தருகிறோம் என்றேன். அவள் ஜெர்சியின் ஓரத்தை இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

“எக்கா, ரேசன் கார்டுல எம் பேரத் தப்பாப் போட்டிருக்கான். எம் பிள்ள கல்யாணப் பத்திரிகையில எம் பேரே இல்ல, அவுக பேரு மட்டுந்தான். இதுலதான் இம்புட்டுப் பெருசா இருக்கு. இதயும் குடுக்கச் சொல்றீகளே.”

“உள்ள போட்டுட்டுப் போக மாட்டியே?”

“மாட்டேன்.” கொஞ்சம் யோசித்தாள். “ஆனா கேட்டத் தாண்டி உள்ள நடக்கணும்னுல்ல தம்பி சொல்லிருக்கு. உள்ள போயி எங்கன வச்சுக் கழட்ட? லோடுக்காரன், வாட்ச்மேன், சின்ன முதலாளி, அம்புட்டு ஆம்பளையும் நிப்பாக. தலவழியா உருவுற சட்டைய அவுக முன்னால உருவ முடியுமா? அப்படியே போயி உக்காந்துட்டு மத்தியானம் கழட்டிக்கிடலாம்னு பேசிக்கிட்டோம்.”

பிரபு, நீ சின்ன முதலாளியிடம் பேசினாய், ஃபோர்மேனிடம் பேசினாய். கழற்ற இடம் எங்கே என்று யாராவது கேட்டார்களா? நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. கனி அன்று ஏன் மாற்றவில்லை என்பதற்கு எனக்கு இத்தனை வருஷம் கழித்து, பாண்டியம்மாள் வீட்டில், இன்னொரு பதில் கிடைத்தது. மாற்றுச் சேலை மட்டும் இருந்திருந்தால் போதுமா என்று இப்போது தெரியவில்லை.

முப்பது வீட்டில் பதினோரு பேர் திருப்பிக் கொடுத்தார்கள். மற்றவர்கள் சிரித்தார்கள், காபி கொடுத்தார்கள், தம்பி வந்து கேட்கட்டும் என்றார்கள். நாரணாபுரத்தில் ஒருத்தி ஜெர்சியைச் சாமி படத்துக்குக் கீழே மடித்து வைத்திருந்தாள். எடுத்துத் தர மறுத்துவிட்டாள். கனியத்தை ஒவ்வொரு வீட்டிலும் இடது கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு என் பின்னால் நின்றாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“கனி, நீ அந்தக் கையைக் காட்டினாப் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். எல்லாரும் குடுத்துருவாங்க.”

கேட்கும்போதே என் மனதில் ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து விநாடி. கை மட்டும், முகம் இல்லாமல். எங்கெல்லாம் பரவும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தொழில் அப்படி.

அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். “எம் மூஞ்சிய வச்சு ஒரு தடவ ஏவாரம் பண்ணீக. இப்ப கைய வச்சுப் பண்ணணுமாக்கும்.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். ஊருக்குள் நுழையும்போது அவளே பேசினாள். “நீங்க செஞ்சதச் சொல்லுங்கக்கா. எங் கை எதுக்கு?”

அதனால்தான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். கம்பெனியின் பெயரை எழுதவில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். இன்னொரு காரணமும் இருக்கிறது. நீ ஜெர்சியைக் காட்டிப் போட்ட முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு வேறு இரண்டு கம்பெனிகளில் எங்கே தைத்தது என்று என்னிடம் கேட்டார்கள். அதில் ஒருவர் இருநூறு வேண்டும் என்றார். அவர்களும் வாசலில் மட்டும் என்றுதான் சொல்வார்கள். எழுதியதைக் கனியத்தையிடம் படித்துக் காட்டினேன். பெயர் இருக்கட்டும், படம் வேண்டாம் என்றாள். பிறகு, “தம்பி வருத்தப்படும். ஸ்டவ் கதைய நாந்தான் சொன்னேன்னு போட்டுட்டீகளா?” என்று கேட்டாள். போட்டுவிட்டேன் என்றேன்.

நான் இப்போது செய்திருப்பது இதுதான். முப்பது பருத்திச் சட்டை சொல்லியிருக்கிறேன். முன்பக்கம் பட்டன் வைத்தது, சேலைக்கு மேலே போட்டு யார் முன்னாலும் கழற்றலாம். அதே பெயர்கள், அதே எண்கள். செவ்வாய் பொழுது சாய்வதற்குள் அச்சடித்துத் தருவதாக நம் ஊர் ஸ்கிரீன் பிரிண்டிங்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். உன் நிறம் வராது. பளிச்சென்று இருக்காது. கேமராவுக்குப் பிடிக்காது. அதையும் அறைக்குள் போடக்கூடாது, கேட்டில் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். நான் பெஞ்சு போட்டு அங்கே உட்கார்ந்திருப்பேன். ஆனால் மீதிப் பத்தொன்பது பேர் என்னிடம் மாற்றிக்கொள்ள மாட்டார்கள். நான் கொடுத்தது இல்லை அது. நீ கொடுத்தது. நீதான் போய்க் கேட்க வேண்டும்.

நீ புதன் காலைதான் வருவதாக டிக்கெட் போட்டிருக்கிறாய். அதை மாற்றி, நாளைக்கே ஏறு. செவ்வாய் முழுவதும் வீடு வீடாகப் போ. கேமரா வேண்டாம். போனைப் பையில் வை. இதைப் படிக்கும்போது, இதையே ஒரு வீடியோவாகச் செய்தால் என்ன என்று உனக்கு ஒரு நொடி தோன்றும். எனக்கும் தோன்றியதுதான். தோன்றட்டும், போகட்டும். பாண்டியம்மாள் காபி கொடுப்பாள், குடி. அவள் முதுகில் இருக்கும் பெயரைக் கழற்றி வாங்கும்போது அவள் முகத்தைப் பார். அது நீ இதுவரை எடுக்காத படம். எடுக்காதே.

செவ்வாய் காலை ரயில் விருதுநகரில் நிற்கும்போது நானும் கனியத்தையும் பிளாட்பாரத்தில் இருப்போம். நீ இறங்கவில்லை என்றால் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். புதன்கிழமை விடிந்ததும் கம்பெனி கேட்டில் போய் நிற்பேன். பூஜை முடியும், தேங்காய் உடைப்பார்கள், அவர்கள் வரிசையாக நின்று திரும்பி முதுகைக் காட்டி உள்ளே நடப்பார்கள். நான் பின்னாலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்துக் கூப்பிடுவேன். சிலர் திரும்பிப் பார்ப்பார்கள். எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது.

அம்மா